ஒரு மைல் ஓடும் பூசாரி

ஆள் தேவை என்று ஒரு விளம்பரம். வயசு இருபத்தைந்து ஆகியிருக்க வேண்டும். ஏதாவது ஒரு டிகிரி. உயரம் 160 சென்டிமீட்டர். 1,600 மீட்டரை, அதாவது பழைய கணக்கில் கிட்டத்தட்ட ஒரு மைலை, எட்டு நிமிஷத்தில் ஓடி முடிக்க வேண்டும்.

என்ன வேலை என்கிறீர்களா? பூஜை செய்வது!

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நம் இந்திய ராணுவம் அவ்வப்போது வெளியிடுகிற அசல் அறிவிப்புதான். ‘ரிலிஜியஸ் டீச்சர்’ என்று அந்த வேலைக்குப் பெயர். பண்டிட், மௌல்வி, கிரந்தி, பாதிரியார், பௌத்த பிட்சு என்று ரகம் ரகமாக எடுக்கிறார்கள். சேர்ந்த உடனேயே நாயிப் சுபேதார் பதவி. சாதாரண சிப்பாய் அந்த இடத்துக்கு வர வருஷக்கணக்கில் மலை ஏறி, பனியில் புரண்டு, கால் தேய நடந்தாக வேண்டும். சாமியார் நேரே ஏறி உட்கார்ந்துவிடுகிறார். கோயிலில் ஸ்பெஷல் தரிசன க்யூ மாதிரி.

எனக்குத் தெரிந்த குருக்கள் ஒருவர் பிராகாரத்தை ஒரு சுற்று வருவதற்குள் ரெண்டு இடத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவரை மனசில் வைத்துக்கொண்டு இந்த எட்டு நிமிஷ சமாசாரத்தைப் படித்தபோது சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் இதைப் படிக்கச் சொல்லிக் கொடுத்தவன் சிரிக்கிற நிலைமையில் இல்லை.

எங்கள் கொண்டப்பநாயக்கன்பட்டி பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு பஸ் ஏறுகிறவர்கள், மலை ஆரம்பிக்கப் போகிறதே என்று ஜன்னலோர ஸீட்டுக்கு அடித்துக்கொள்கிற நேரத்தில் எங்கள் ஊரைத் தாண்டிவிடுகிறார்கள். இந்தப் பக்கமெல்லாம் முனியப்பன் ராஜ்யம். முறுக்கின மீசை, உருட்டின கண், கையில் அரிவாள். சுருட்டும் சாராயமும் வைத்துக் கும்பிட்டால் சந்தோஷப்படுகிற சாமி. அப்படி ஒரு முனியப்பன் கோயில் பூசாரியின் மகன்தான் அந்தப் பையன். பி.ஏ. முடித்து நாலு வருஷம். வயசு இருபத்தைந்து. டி.வி.எஸ்.ஸை நிறுத்திவிட்டு போனை நீட்டினான்.

“அண்ணா, மிலிட்டரில பூசாரி வேலைங்களாமா. நமக்குப் பரம்பரையே அதானுங்களே. பாத்துச் சொல்லுங்க.”

பார்த்தேன். இந்து பண்டிட் வேலைக்கு சம்ஸ்கிருதத்தில் சாஸ்திரி அல்லது ஆச்சார்யா படித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் டிகிரியோடு கர்ம காண்டத்தில் ஒரு வருஷ டிப்ளமா. பையனுக்குத் தெரிந்ததோ பம்பை, உடுக்கை, கிடா வெட்டு, பேய் ஓட்டுவது. இதற்கெல்லாம் எந்த யுனிவர்ஸிட்டி டிப்ளமா கொடுக்கிறது?

“ஓட்டமெல்லாம் ஆறு நிமிஷத்துல முடிச்சிருவேனுங்கண்ணா” என்றான் பரிதாபமாக.

நாலு வருஷ அக்னிவீர் வேலைக்குப் போகலாம் என்றால் வயசு தாண்டியாகிவிட்டது. துப்பாக்கி பிடிக்க வயசு அதிகம், மணி அடிக்கப் படிப்பு வேறு. ரெண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறான். கோயம்புத்தூர் ஆள் சேர்ப்பு அலுவலகத்தின் கீழ்தான் சேலம், நாமக்கல்லெல்லாம் வருகிறது. ஒவ்வொரு முகாமுக்கும் விடியற்காலையில் அடிவார ரோட்டில் மூச்சு வாங்க ஓடுகிற பையன்களைப் பார்த்திருக்கிறேன். அதில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று மட்டும் கேட்காதீர்கள்.

“அப்ப முனியப்பனை மிலிட்டரில சேத்துக்க மாட்டாங்களாண்ணா?” என்று கேட்டானே பார்க்கலாம். எனக்கு பதில் தெரியவில்லை. தெரிந்த ஒருத்தரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

எங்கள் தெருவில் ‘மிலிட்டரிக்காரர்’ என்றால் ஒருவர்தான். ராணுவத்தில் லாரி டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர். (சேலத்துக்காரனை எங்கே கொண்டுபோய் விட்டாலும் கடைசியில் ஸ்டியரிங் பின்னால்தான் உட்காருவான்.) லடாக் பக்கம் சாமான் ஏற்றிக்கொண்டு போனவர். கேன்டீன் பாட்டில் வாங்குகிற நாளில் ஊரில் பாதிப்பேர் அவருக்கு உறவாகிவிடுவார்கள். மற்ற நாளில் தனியாகத் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். பையன் கேட்டதைச் சொன்னேன்.

“முனியப்பன் எப்பவோ சேந்துட்டாருப்பா” என்றார். “ஊர்லருந்து போற ஒவ்வொருத்தன் டிரங்குப் பொட்டிலயும் ஒரு திருநீத்துப் பொட்டலம் இருக்கும். அதுக்கு யாரு டிப்ளமா கேக்கறா?”

அவர் சொல்லச் சொல்ல, ராணுவ சாமியார் விஷயம் நான் நினைத்த மாதிரி மணியடிக்கிற விஷயமில்லை என்று புரிந்தது. அறிவிப்பிலேயே வேலைப் பட்டியல் இருக்கிறது. பூஜை, பிரசங்கம் இதெல்லாம் சரி. அதற்குப் பின்னால் வருவதைக் கேளுங்கள். இறுதிச் சடங்குகளுக்குப் போவது. ஆஸ்பத்திரியில் கிடக்கிறவர்களைப் பார்ப்பது, தேறி வருகிறவர்களோடு உட்கார்ந்து பிரார்த்தனை படிப்பது. தண்டனை அனுபவிக்கிற சிப்பாயைப் போய்ப் பார்ப்பது.

இந்தக் கடைசி வரியை நான் ரெண்டு தரம் படித்தேன். நம் ஆபீஸில் ஒருத்தன் சஸ்பெண்ட் ஆனால் யார் போய்ப் பார்க்கிறோம்? அவனுடைய நாற்காலியைத்தான் பார்க்கிறோம், ஃபேனுக்கு நேர் கீழே இருக்கிறதா என்று. ராணுவத்தில் அதற்கென்றே சம்பளம் போட்டு ஒரு ஆள் வைத்திருக்கிறார்கள்.

இந்த சாமியார்களுக்கெல்லாம் பயிற்சி கொடுக்க புனேயில் தேசிய ஒருமைப்பாட்டு நிலையம் என்று ஒன்று, 1980-லிருந்து இருக்கிறது. பண்டிட், மௌல்வி, கிரந்தி, பாதிரியார் எல்லோரும் ஒரே இடத்தில் சேர்ந்து படிக்கிறார்கள். ஒரு பண்டிட்டும் ஒரு மௌல்வியும் ஒரு பாதிரியாரும் என்று ஆரம்பித்தாலே நமக்கு ஜோக் ஞாபகம் வரும். அங்கே அது காலை டைம்டேபிள்.

எல்லா மதத்துக்காரர்களும் கலந்திருக்கிற யூனிட்களில் ‘சர்வ தர்ம ஸ்தல்’ என்று ஒரு ஏற்பாடு. ஒரே கூரையின் கீழ் எல்லா சாமியும். ஹவுஸிங் போர்டு குடியிருப்பு மாதிரி, அக்கம்பக்கத்தில் சண்டை இல்லாமல். கூர்க்காக்களுக்குத் தனி பண்டிட். லடாக் ஸ்கவுட்ஸுக்கு ஷியா மௌல்வியும் மகாயான பிட்சுவும். தேடித் தேடித்தான் போட்டிருக்கிறார்கள். யுத்த கோஷங்களே பாதி சாமி பேர்தான். ராஜபுத்திரர்களுக்கு பஜ்ரங் பலி, கூர்க்காவுக்கு மகாகாளி, குமாவுன்காரர்களுக்குக் காளிகா மாதா. நம் மெட்ராஸ் ரெஜிமெண்ட், 1758-ல் ஆரம்பித்தது, காலாட்படையிலேயே மூத்த படை, ‘வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு’ என்கிறது. சாமியைத் தொந்தரவு செய்யவேண்டாம், நாமே பார்த்துக்கொள்ளலாம் என்ற தன்னம்பிக்கை!

அதற்காக நம் ஆட்களுக்கு சாமி விஷயத்தில் ரோஷம் கிடையாது என்று நினைத்தால் வேலூர் ஞாபகமிருக்கட்டும். கம்பெனியின் சென்னைப் படைக்கு ஸர் ஜான் கிரடாக் என்றொரு தலைமைத் தளபதி. நம் மேனேஜர்கள் டிரெஸ் கோட் சர்க்குலர் அனுப்புவதில்லையா, அந்த ஜாதி. நெற்றியில் விபூதி, நாமம் கூடாது. காதில் கடுக்கன் கூடாது. தாடி கூடாது. பழைய தலைப்பாகையைக் கழற்றிவிட்டு, தோல் குஞ்சம் வைத்த புதுசை மாட்டிக்கொள்ள வேண்டும். அந்தத் தோல் எந்த மிருகத்தின் தோல் என்பது அடுத்த கேள்வி. மாட்டேன் என்றவர்களுக்குக் கசையடி. 1806 ஜூலை 10-ம் தேதி விடியுமுன் வேலூர்க் கோட்டையில் வெடித்தது. ஐரோப்பியர்களில் சுமார் இருநூறு பேர் செத்தோ காயம்பட்டோ விழுந்தார்கள். ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர்ந்த பிறகு நம் சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். கோட்டைக்குள் சிறையிருந்த திப்புவின் பிள்ளைகளும் பின்னணியில் உண்டு, சம்பளக் குறையும் உண்டு. ஆனால் கொதித்தது தலைப்பாகையில்தான். உத்தரவு வாபஸ். கிரடாக்கையும் கவர்னர் பெண்டிங்க்கையும் லண்டன் திருப்பி அழைத்துக்கொண்டது. சிப்பாயின் நெற்றியைத் தொடாதே என்ற பாடத்தை வெள்ளைக்காரனுக்கு வேலூர் சொல்லிக் கொடுத்தது. அரை நூற்றாண்டு கழித்து, துப்பாக்கித் தோட்டா விஷயத்தில், அவன் அதை மறந்துபோனது வேறு கதை.

கம்பெனிப் படைக்கு அப்போதே பாதிரியார்கள் இருந்தார்கள், வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு மட்டும். அதில் ஒருவரை நாம் மறக்கக் கூடாது. ஷ்வார்ட்ஸ் ஐயர் என்று தஞ்சாவூர்ப் பக்கம் சொல்வார்கள். ஜெர்மன்காரர். தரங்கம்பாடிக்கு மதப் பிரசாரம் செய்ய வந்து, தமிழை நன்றாகப் படித்து, 1760-களில் திருச்சியில் கம்பெனிப் படையின் பாதிரியாராக ஆனார். 1779-ல் ஹைதர் அலியிடம் சமாதானம் பேச ஆள் அனுப்பவேண்டிய நிலைமை. கம்பெனியின் கர்னல், மேஜர் யாரையும் ஹைதர் நம்பத் தயாரில்லை. ‘அந்த கிறிஸ்தவரை அனுப்பு, அவர் ஏமாற்றமாட்டார்’ என்றாராம். ஷ்வார்ட்ஸ் ஸ்ரீரங்கப்பட்டணம் போய் வந்தார். யுத்தம் நிற்கவில்லை, அது வேறு.

இன்னொரு சமயம் தஞ்சாவூர்க் கோட்டையில் பட்டாளம் பட்டினி. வெளியே கிராமங்களில் நெல் இருக்கிறது. ஜனங்கள் கொண்டுவரமாட்டேன் என்கிறார்கள். முன்னால் கொடுத்ததற்கே பணம் வரவில்லை, சர்க்காரை எவன் நம்புவான்? நான் பொறுப்பு என்று ஷ்வார்ட்ஸ் ஒரு வார்த்தை சொன்னார். வண்டி வண்டியாக வந்து இறங்கியது. பணமும் ஒழுங்காகப் பட்டுவாடா ஆனது. 1798-ல் அவர் இறந்தபோது, அவர் வளர்ப்பில் இருந்த இளவரசர் சரபோஜி கலங்கிப்போனார். பிற்பாடு இங்கிலாந்தில் சலவைக் கல்லில் சிற்பம் செய்யச் சொல்லி வரவழைத்து தஞ்சாவூர் சர்ச்சில் வைத்தார். படுக்கையில் பாதிரியார், பக்கத்தில் இந்து ராஜா. இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம். பெரிய கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் நூற்றில் ஒருவர்கூட அங்கே எட்டிப் பார்ப்பதில்லை.

அதே காலத்தில் சென்னையில் ஆண்ட்ரூ பெல் என்று இன்னொரு பட்டாளத்துப் பாதிரி. அவருக்கு 1789-ல் எழும்பூரில் சிப்பாய்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான பள்ளியையும் கட்டிவிட்டார்கள். வாத்தியார் போதவில்லை. உள்ளூர்த் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். அதை எடுத்துக்கொண்டு, பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லித் தரட்டும் என்று நம் சட்டாம்பிள்ளை முறையையும் சேர்த்து நடத்தினார். இங்கிலாந்து முழுக்க அது ‘மெட்ராஸ் சிஸ்டம்’ என்று பரவியது. நம் சட்டாம்பிள்ளையை லண்டனுக்கு ஏற்றுமதி செய்தது ஒரு ராணுவச் சாமியார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

வெளிநாட்டில் இந்த உத்தியோகம் ரொம்பப் பழசு. அமெரிக்க ராணுவத்தில் 1775-லிருந்து உண்டு. முதல் உலக யுத்தத்தில் ஸ்டடர்ட் கென்னடி என்று ஒரு ஆங்கிலப் பாதிரியார் பதுங்குகுழி பதுங்குகுழியாகப் போனார். ஒரு கையில் பைபிள், இன்னொரு கையில் உட்பைன் சிகரெட். ‘உட்பைன் வில்லி’ என்றே அவருக்குப் பேர் விழுந்துவிட்டது. குண்டுமழைக்கு நடுவில் காயம்பட்டவர்களுக்கு உதவினதற்காக மிலிட்டரி கிராஸ் பதக்கமும் வாங்கினார். சுருட்டுப் பிடிக்கிற முனியப்பனுக்கு தூரத்துச் சொந்தமாக இருப்பாரோ என்று எனக்கு சந்தேகம்.

1943 பிப்ரவரி 3-ம் தேதி, கிரீன்லாந்துக்குப் பக்கத்தில் ‘டார்செஸ்டர்’ என்ற அமெரிக்கத் துருப்புக் கப்பல் ஜெர்மன் நீர்மூழ்கி அடித்து மூழ்கியது. கப்பலில் நாலு சாமியார்கள். ரெண்டு பேர் புராட்டஸ்டண்ட், ஒருவர் கத்தோலிக்கர், ஒருவர் யூத ரபை. மிதவைச் சட்டை எல்லோருக்கும் போதவில்லை. நாலு பேரும் தங்கள் சட்டையைக் கழற்றிப் பக்கத்தில் நின்ற பையன்களுக்கு மாட்டிவிட்டார்கள். நீ என்ன மதம் என்று யாரும் கேட்கவில்லை. நாலு பேரும் கையைக் கோத்துக்கொண்டு, ஆளுக்கொரு பாஷையில் பிரார்த்தனை செய்தபடியே போனதை, படகில் தப்பியவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

சாமி இல்லை என்கிறவனுக்கு யார் என்று சேலத்துக்காரன் கேட்காமல் இருக்க முடியாது. 1944-ல் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறினது எங்கள் ஊர் மாநாட்டில் ஆயிற்றே! அதற்கும் ஆள் வைத்திருக்கிறார்கள், ஹாலந்தில். 1964-லிருந்து டச்சு ராணுவத்தில் பாதிரியார், ரபையோடு கடவுள் நம்பிக்கையில்லாத மனிதநேயக்காரர்களும் அந்த வேலையில் இருக்கிறார்கள். கையில் பைபிள் கிடையாது. பேசு, கேட்கிறேன் என்று உட்காருவார்கள். நம்மூர் பகுத்தறிவு இளைஞர்கள் யாராவது நெதர்லாந்துக் குடியுரிமை வைத்திருந்தால் விண்ணப்பிக்கலாம்.

சம்பளம் வாங்குகிற சாமியார்கள் ஒரு பக்கம் இருக்க, சிப்பாய்கள் தாங்களே செய்துகொண்ட சாமிகள் வேறு இருக்கின்றன. சிக்கிமில் நாதுலா பக்கம் ஹர்பஜன் சிங் என்ற சிப்பாய் 1968-ல் இறந்துபோனார். இன்றைக்கு அவர் பாபா. அவருக்கு அறை, படுக்கை, இஸ்திரி போட்ட யூனிபாரம். செத்த பிறகும் பதவி உயர்வு. ரொம்ப வருஷம், வருஷா வருஷம் லீவ் போட்டு, ரயிலில் பெர்த் ரிஸர்வ் பண்ணி, அந்த பெர்த்தைக் காலியாகவே பஞ்சாபுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். (உயிரோடு இருக்கிற நமக்கு தீபாவளிக்கு வெயிட்டிங் லிஸ்ட் 214.) அருணாசலப் பிரதேசத்தில் 1962-ல் சீனர்களோடு போராடி இறந்த ஜஸ்வந்த் சிங் ராவத்துக்கும் அப்படித்தான், தினம் படுக்கை விரித்து ஷூ பாலிஷ் போட்டு வைக்கிறார்கள். சியாச்சினில் ஓ.பி. பாபா. மேலே போகிறவர்கள் அவரிடம் ரிப்போர்ட் செய்துவிட்டுத்தான் பனிமலை ஏறுகிறார்கள், இறங்கினதும் மறுபடி ரிப்போர்ட்.

படித்தவர்கள் சிரிக்கலாம். எங்கள் பக்கத்து ஆள் சிரிக்கமாட்டான். இங்கிருந்து வடக்கே தர்மபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் வரைக்கும் வயலுக்கு வயல் நடுகல் நிற்கிறது. மாடு மீட்கப்போய்ச் செத்தவன், ஊரைக் காத்துச் செத்தவன், கையில் வில்லோடு. ஆயிரம் வருஷம் தாண்டியும் ‘வேடியப்பன்’ என்று பொங்கல் வைத்துக் கும்பிடுகிறார்கள். அந்தக் கல்லில் இருப்பவன் யார், எந்த ராஜாவின் ஆள் என்று கும்பிடுகிறவனுக்குத் தெரியாது. நாதுலாவில் நடப்பதும் அதுதான், கல்லுக்குப் பதில் கட்டில்.

மிலிட்டரிக்காரரிடம் நான் கேட்க நினைத்தது ஒன்று இருந்தது. ராணுவத்தில் ஞாயிற்றுக்கிழமை ‘மந்திர் பரேட்’ உண்டு. சிப்பாய்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார்களோ, அவர்களுடைய அதிகாரியும் வந்து அங்கே நிற்க வேண்டும், தன் சொந்த மதம் எதுவாக இருந்தாலும். 2017-ல் வேலைக்குச் சேர்ந்த ஒரு கிறிஸ்தவ அதிகாரி சீக்கியச் சிப்பாய்களின் தலைவர். பரேடுக்கு வந்தார், கூடவே நின்றார். சன்னதிக்குள் மட்டும் நுழையமாட்டேன், என் மதம் இடம் கொடுக்கவில்லை என்றார். பேசிப் பார்த்தார்கள். பாஸ்டர் ஒருவரும் போகலாம் என்று சொன்னதாகக் கோர்ட்டில் பேச்சு வந்தது. அவர் மசியவில்லை. 2021-ல் வேலை போயிற்று, பென்ஷன் இல்லாமல். 2025 மே மாதம் டில்லி ஹைகோர்ட்டும், நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் ராணுவம் செய்தது சரி என்று சொல்லிவிட்டன.

சட்டப்படி விஷயம் முடிந்துவிட்டது. எனக்கு இன்னும் முடியவில்லை. சண்டைக்கு முன்னால் தங்கள் சாமி முன்னே தங்கள் அதிகாரியும் நிற்கவேண்டும் என்று சிப்பாய்கள் எதிர்பார்ப்பது புரிகிறது. நாளைக்கு ‘முன்னேறு’ என்று சொல்லப்போகிறவன் அவன்தானே. ஆனால் பொய்க்குக் கைகூப்பிவிட்டு சம்பளம் வாங்கியிருக்கலாம், அதைச் செய்யாமல் போன மனுஷனை லேசாக எடைபோட என்னால் முடியவில்லை. ரெண்டு பக்கமும் சாமியை சீரியஸாக எடுத்துக்கொண்டதால் வந்த வம்பு. நம்மை மாதிரி ஆயுத பூஜையன்று பொரிகடலைக்காக மட்டும் வரிசையில் நிற்கிறவர்களாக இருந்தால் கேஸே வந்திருக்காது.

“நீங்க என்ன சொல்றீங்க?” என்றேன்.

“கோர்ட்டு சொன்னதுக்கு மேல நான் என்னத்தைச் சொல்ல?” என்றவர், கொஞ்ச நேரம் பேப்பரை மடித்துக்கொண்டே இருந்தார். “சாமி உள்ள யாரு போனா, வெளிய யாரு நின்னானு எனக்குத் தெரியாது தம்பி. எனக்கு ஒரு கிரந்தியைத் தெரியும்.”

திராஸ் பக்கத்தில் ஒரு குளிர்காலம். ஜோஜிலா கணவாய் மூடியாகிவிட்டது. பனி விழுந்தால் அந்த ரோட்டில் மாதக்கணக்கில் வண்டி போகாது, அப்போது இருந்த நிலைமை அது. உள்ளே இருப்பவன் உள்ளேதான். அம்மா இறந்துவிட்டாள் என்று சேதி வந்தபோது ஒன்பது நாள் ஆகியிருந்தது. சேலத்தில் எரித்துச் சாம்பல் கரைத்தாகிவிட்டது. ஒரே பிள்ளை இவர்தான். லீவ் கேட்டால் கொடுக்கத் தயார், போகத்தான் ரோடு இல்லை. அவர் அழவில்லையாம். வண்டிக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டு, ஒன்றும் ரிப்பேர் இல்லாத கியர் பாக்ஸைக் கழற்ற ஆரம்பித்தாராம். சோறு வேண்டாம், தூக்கம் வேண்டாம். ரெண்டு நாள்.

“அப்பத்திக்கு ஸ்டோர்ல ஒருத்தன் பயந்து போய் துப்பாக்கியை எங்கிட்டருந்து எடுத்து வச்சிட்டான். நான் ஒண்ணும் பண்ணிக்க மாட்டேன்னு சொன்னேன். ஆனா எனக்கே நிச்சயமாத் தெரியலை.”

இதைச் சொன்னபோது பூசாரி மகன் என் முகத்தைப் பார்த்தான். ராணுவத்தில் நடக்கிற தற்கொலைகளைப் பற்றிப் பார்லிமெண்டில் கேள்வி கேட்காத வருஷமில்லை. யோகா, தியானம், கவுன்ஸிலிங், லீவ் விதிகளில் தளர்வு என்று மந்திரிகளும் பதில் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். வண்டிக்குக் கீழே படுத்திருக்கிறவன் கவுன்ஸிலிங் அறையைத் தேடிக்கொண்டு போவானா?

அந்த முகாமில் இருந்த ஒரே ரிலிஜியஸ் டீச்சர் ஒரு சீக்கிய கிரந்தி. பஞ்சாபி தெரியும், இந்தி தெரியும். இவருக்கு இந்தி அரைகுறை, லாரிக்கு வேண்டிய அளவு. கிரந்தி ஒரு கெட்டில் டீயோடு வந்து பனியில் அப்படியே உட்கார்ந்தார். ஒன்றும் போதிக்கவில்லை. ராத்திரி முழுக்க ஸ்பானர் கேட்டபோது ஸ்பானர் எடுத்துக் கொடுத்தார், தப்புத் தப்பாக. விடியும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டார், உன் அம்மா பேர் என்ன?

“அன்னிக்குக் காலைல குருத்வாராவுல அவுங்க அரதாஸ் சொல்றப்ப, அந்தப் பஞ்சாபிக்கு நடுவுல எங்கம்மா பேரு வந்துச்சு தம்பி. தப்பாத்தான் சொன்னாரு. ஆனா சொன்னாரு. அப்பத்தான் எனக்கு அழுவை வந்துச்சு.”

பிறகு கிரந்தி விசாரித்திருக்கிறார், உங்கள் ஊரில் மகன் என்ன செய்ய வேண்டும் என்று. பதினாறாம் நாள் காரியம், மொட்டை போட வேண்டும் என்றிருக்கிறார் இவர். நாலு ஆட்டுக்குட்டி உயரத்துக்குப் பனி, பண்டிட் கிடையாது, மந்திரம் கிடையாது, ஆறு உறைந்து கிடக்கிறது. எப்படியும் நடக்கப்போவதில்லை என்று இவர் விட்டுவிட்டார்.

பதினாறாம் நாள் காலையில் கிரந்தி யூனிட் நாவிதரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். சீக்கிய மதத்தில் மயிரை வெட்டுவது எவ்வளவு பெரிய குற்றம் என்று உங்களுக்குத் தெரியும். அந்த மனுஷர் பிறந்ததிலிருந்து தன் தலையில் கத்தி படவிடாதவர். அவர் அங்கேயே நின்றார், மொட்டை போட்டு முடிகிற வரைக்கும், கையில் ஒரு இரும்பு மக்கில் வெந்நீரோடு.

“மைனஸ் இருபதுப்பா. வெளிய வச்சா நிமிஷத்துல ஐஸாயிரும். நாவிதன் கையை நீட்டறப்ப மட்டும் மக்கை வெளிய எடுப்பாரு. மத்த நேரமெல்லாம் கோட்டுக்குள்ள, நெஞ்சோட சேத்து வச்சிருந்தாரு.”